முழு நகத்தையும் எடுத்த பிறகும் பெருவிரல் நகம் மீண்டும் சதைக்குள் இறங்குகிறது. அடுத்து என்ன செய்துகொள்வது?

கேள்வி: ஓசூர்த் தொழிலாளி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஷிப்டு முழுவதும் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூவை அணிந்துகொண்டு நின்றபடியே வேலை பார்க்க வேண்டும். என் தொல்லை அந்த ஷூவுக்குள்தான் வளர்ந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கால் பெருவிரல் நகத்தின் ஓரம், இரண்டாம் விரலை ஒட்டிய பக்கத்தில், சதைக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் சிவந்து வலித்தது, பிறகு நீர் கசிந்தது, பிறகு சீழ் வைத்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டு நகம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். புதிய நகம் வளர்ந்து விரல் நுனியை எட்டும் வரை நிம்மதியாக இருந்தேன். எட்டியதும் அதே பக்கத்தில், அதே இடத்தில் மீண்டும் குத்தத் தொடங்கிவிட்டது. கடந்த நான்கு மாதங்களில் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் சாப்பிட்டுவிட்டேன். சாப்பிடும்போது வற்றுகிறது, நிறுத்திய பத்து நாட்களுக்குள் மறுபடி வந்துவிடுகிறது. இப்போது நகத்தின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு, கொய்யாப்பழத்தின் உட்சதை நிறத்தில், ஈரமான ஒரு சதை வளர்ந்திருக்கிறது. காலுறையைக் கழற்றும்போது அது ஒட்டிக்கொண்டு வந்து இரத்தம் கசிகிறது. இரவில் போர்வை உரசினாலே விழித்துக்கொள்கிறேன்.

முன்பு பார்த்த மருத்துவர் நகத்தை மீண்டும் முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார். வேறொருவர், ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து வேரில் பீனால் என்னும் மருந்தை வைத்தால் திரும்ப வராது என்கிறார். பீனால் என்பது நாம் தரை கழுவும் பினாயில்தானா, அதைக் காலில் வைப்பது ஆபத்தில்லையா என்று பயமாக இருக்கிறது. என் அம்மா எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகச் சொல்கிறார், ஒரு வாரம் அதையும் செய்து பார்த்தேன். எத்தனை நாள் விடுப்பு தேவைப்படும், பொது அறுவை மருத்துவரைப் பார்ப்பதா, தோல் மருத்துவரைப் பார்ப்பதா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் இதுவரை பரிசோதித்ததில்லை.

மறுமொழி 1: ஈரோட்டு ஆசிரியர்

வணக்கம் நண்பரே. ஏறக்குறைய உங்களுடைய கதைதான் எனக்கும். எனக்கும் முதலில் முழு நகத்தையும் எடுத்தார்கள், எனக்கும் திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஒரு தோல் மருத்துவரிடம் ஓரத்தை மட்டும் எடுத்துப் பீனால் வைத்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இதுவரை தொல்லை இல்லை.

அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாததால்தான் நான் அதை ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். மொத்தச் சிகிச்சையிலும் வலி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதுவும் அரை நிமிடம் எரிந்து அடங்கிவிட்டது. பத்து நிமிடம் கழித்து விரலை முள்கரண்டி போன்ற ஒன்றால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார்கள். அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை. விரலின் அடிப்பகுதியில் ஒரு ரப்பரை இறுக்கிக் கட்டி, அதன் முனையில் ஒரு கிடுக்கியை மாட்டினார்கள். வேலை முடிந்ததும் ரப்பரை அவிழ்க்க மறந்துவிடாமல் இருக்கவே அந்தக் கிடுக்கி என்று செவிலியர் விளக்கினார். பிறகு நகத்தின் ஓரத்தை நுனியிலிருந்து வேர் வரை நேராக வெட்டி, அந்தப் பட்டையை மட்டும் சுருட்டி எடுத்தார் மருத்துவர்.

எடுத்ததைத் துணியின் மேல் வைத்து எனக்குக் காட்டினார். மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அதன் ஒரு பக்கத்தில் மீன் முள்ளைப் போல ஒரு கூர் நீட்டிக்கொண்டிருந்தது. நகவெட்டிக்கு எட்டாத மூலையை நான் கையால் பிய்த்து எடுத்தபோது உள்ளே தங்கிவிட்ட துண்டு அது என்றும், இத்தனை மாதமும் சதைக்குள் குத்திக்கொண்டிருந்தது அதுவே என்றும் அவர் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் மாத்திரைகள் ஏன் பலிக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

முதல் இரண்டு நாட்கள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தேன். பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது. அதன்பின் மூன்று வாரம் அந்த ஓரத்திலிருந்து மஞ்சள் கலந்த நீர் கசிந்துகொண்டே இருந்தது. சீழோ என்று பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினேன், மருந்து வைத்த இடம் ஆறும் விதமே அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் வகுப்புக்குப் போனேன், ஆனால் ஒரு மாதம் முன்பக்கம் திறந்த செருப்போடுதான்.

மறுமொழி 2: தஞ்சைத் தாய்

என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் இது வந்தபோது கத்தியே இல்லாமல் சரியானது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அவளுக்குச் சீழ் வைக்கவில்லை, சிவப்பும் வலியும் மட்டுமே இருந்தன. மருத்துவர் சொன்னபடி நாளுக்கு மூன்று வேளை வெதுவெதுப்பான உப்புநீரில் கால் மணி நேரம் காலை வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டும் பட்டையின் ஒரு முனையை நகத்தை ஒட்டிய சதையில் ஒட்டி, சதை நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகச் சுற்றி ஒட்டுவோம். பட்டை தளரும்போதெல்லாம் மாற்றுவோம். பள்ளி ஷூவையும் ஓர் அளவு பெரிதாக வாங்கினோம். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்தோம். உங்களுக்கு ஏற்கெனவே சதை வளர்ந்துவிட்டது என்பதால் இது போதாமல் போகலாம், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தொடக்க நிலையில் பயன்படும்.

மறுமொழி 3: மதுரை அறுவை மருத்துவர்

நான் பொது அறுவை மருத்துவர். விரலைப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது மிகத் தெளிவாக இருப்பதால் பொதுவாக அறிந்ததை எழுதுகிறேன்.

இந்த நோயை மூன்று நிலைகளாகப் பார்ப்போம். சிவப்பும் வீக்கமும் வலியும் மட்டும் இருப்பது முதல் நிலை. நீரும் சீழும் கசிவது இரண்டாவது. ஈரச் சதை வளர்ந்து நகத்தின் மேல் ஏறுவது மூன்றாவது. தஞ்சைச் சகோதரி சொன்ன முறை முதல் நிலைக்கு மிகவும் ஏற்றது. நகத்தின் ஓரத்துக்கு அடியில் சிறிது பஞ்சையோ, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலையோ நுழைத்து நகத்தைத் தூக்கி வைப்பதும், குளுக்கோஸ் ஏற்றும் குழாயின் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி நகத்தின் ஓரத்தில் உறைபோலச் செருகுவதும் அதே வகையைச் சேர்ந்தவை. நீங்கள் இருப்பது மூன்றாம் நிலை. இங்கே அந்த ஓரத்தை எடுத்தே ஆக வேண்டும்.

முழு நகத்தையும் எடுத்தும் ஏன் திரும்பி வந்தது என்று பார்ப்போம். நகம் பிறப்பது நகத்தின் அடித்தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில். நகத்தை மட்டும் பிடுங்கினால் வேர் அப்படியே இருப்பதால், புதிய நகமும் பழைய அகலத்திலேயே, பழைய வளைவிலேயே முளைக்கும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே வளரும் என்பதால், முழு நகமாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில், மேலே நகம் அழுத்தாததால், விரல் நுனியின் சதை மேல்நோக்கிப் புடைத்துவிடுகிறது. வளர்ந்து வரும் புதிய நகம் அந்தச் சதையில் முட்டுகிறது. உங்களுக்குச் சரியாக நகம் நுனியை எட்டிய மாதத்தில் வலி திரும்பியதற்குக் காரணம் இதுவே. எனவே முழு நகத்தையும் மீண்டும் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நகம் முழுவதும் கெட்டுத் தடித்துப்போனது போன்ற வேறு காரணம் இருந்தால் மட்டுமே அது தேவைப்படும்.

ஓரத்தில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நகத்தை எடுத்து, அந்த ஓரத்துக்கு உரிய வேரை மட்டும் அழித்துவிட்டால், நகம் அந்த அளவுக்குக் குறுகலாக, சதைக்கு எட்டாமல் வளரும். வேரை அழிக்கப் பீனாலைப் பயன்படுத்துகிறோம். சிலர் சோடியம் ஹைட்ராக்சைடையோ மின்சூட்டையோ பயன்படுத்துகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அறுவை செய்யாத முறைகளைவிட அறுவை முறைகளில் நகம் மீண்டும் இறங்குவது குறைவு என்றும், நகத்தை எடுப்பதோடு பீனாலையும் சேர்த்தால் அது மேலும் குறைகிறது என்றும் கூறுகிறது. பீனால் வைத்தபின் ஈரக்கசிவு சில வாரம் நீடிக்கும் என்பதும், சிறு தொற்றுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதும் அதற்கு நாம் கொடுக்கும் விலை. ஈரோட்டு ஆசிரியர் மூன்று வாரம் கண்ட மஞ்சள் நீர் அதுதான்.

பீனாலும் பினாயிலும் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. பீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் அதைக் காயங்களில் பயன்படுத்திக் கிருமிகளை அடக்கிய விவரங்களை 1867-இல் வெளியிட்ட பிறகுதான் அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கம் என்பதே வேரூன்றியது. நாங்கள் பயன்படுத்துவது ஏறத்தாழ 88 சதவீதச் செறிவுள்ள மருத்துவப் பீனால். சுற்றியுள்ள தோலுக்கு வாசலின் தடவிப் பாதுகாத்துவிட்டு, இரத்தம் வராமல் கட்டி உலர்த்திய குழிக்குள், பஞ்சு சுற்றிய குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டால் கழுவிவிடுகிறோம். இரத்தம் கசிந்தால் பீனால் நீர்த்துப்போய் வேர் தப்பிவிடும் என்பதால்தான் அந்த ரப்பர்க் கட்டு. கடையில் வாங்கும் பினாயிலை எந்த அளவிலும் காலில் ஊற்றாதீர்கள். கர்ப்பிணிகளுக்குப் பீனாலைத் தவிர்ப்போம்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு சொல். முள் உள்ளே இருக்கும் வரை சீழ் வந்துகொண்டுதான் இருக்கும், முள்ளை எடுத்ததும் பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே ஆறிவிடும். ஆனால் சிவப்பு பாதத்தின் மேல் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, நீரிழிவோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ இருந்தாலோ மாத்திரை தேவை. ஆசிரியரின் அனுபவத்தைப் படித்துவிட்டு அவர்களும் மாத்திரையைத் தவிர்த்துவிடக் கூடாது.

அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டாயம் பரிசோதியுங்கள். தந்தைக்கு இருக்கிறது, 34 வயது ஆகிறது, காயம் ஆறவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்வது நல்லது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் இளைஞர்களுக்கும் நகத்தோரம் இப்படிச் சதை வளர்வது உண்டு, அவர்களும் அதைச் சொல்ல வேண்டும். முறையாகச் சிகிச்சை செய்தும் அந்தச் சதை ஆறாமல் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், அதில் ஒரு துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் அரிதாகப் புற்றுநோயும் அதே தோற்றத்தில் வரும்.

பொது அறுவை மருத்துவர், தோல் மருத்துவர் இருவருமே இதைச் செய்வார்கள். முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஓரத்தை மட்டும் எடுத்து வேரை அழிக்கிறீர்களா?" அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவில் வெளிநோயாளியாகவே இதைச் செய்துகொள்ளலாம். இரும்பு முனை ஷூவை மட்டும் இரண்டு மூன்று வாரங்களுக்குப் போடக் கூடாது.

எலுமிச்சம்பழம் நகச்சுற்றுக்கு நம் வீடுகளில் வழிவழியாகச் செய்வது. அது நகம் குத்துவதை மாற்றாது, ஏற்கெனவே ஊறிய தோலை இன்னும் ஊறவைக்கும். அம்மாவின் மனம் நோகாமல் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 4: பரங்கிப்பேட்டை மகன்

மருத்துவர் ஐயா சர்க்கரையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவுக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. பெருவிரல் நகம் உள்ளே போனபோது, வலி அதிகம் தெரியாததால், அவரே பிளேடால் ஓரத்தை நோண்டி எடுத்துவிட்டு வெந்நீரில் காலை வைத்திருந்தார். கால் மரத்திருந்ததால் நீரின் சூடு அவருக்குத் தெரியவில்லை. மாலையில் நான் வேலையிலிருந்து வந்தபோது பாதத்தில் கொப்புளம் எழுந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பார்த்த இடத்தில் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விரல் கறுத்த பிறகே பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே முதலில் பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னும் நாடி பார்த்தார்கள், நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள், எலும்பில் தொற்று இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். இவற்றில் ஒன்றைக்கூட முதலில் பார்த்த இடத்தில் செய்யவில்லை. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது.

வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்கள் நகத்தை நீங்கள் வெட்டிவிடுங்கள். நுனியை நேராக வெட்டுங்கள், மூலைகளை உள்ளே வளைத்து வெட்டாதீர்கள். கால் நனைக்கும் தண்ணீரின் சூட்டை உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். நான் அன்று வீட்டில் இல்லை.

மறுமொழி 5: சங்கத்துத் தோழர்

விடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பீர்கள். உங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றின்பேரில், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள் வரை நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பும்போது ஷூ போட முடியாத நாட்களுக்கு இயந்திரம் இல்லாத பிரிவில் வேலை கேட்டு, மருத்துவர் குறிப்போடு எழுத்தில் கொடுங்கள். வாய்ச் சொல்லை நம்பி, ஷூ இல்லாமல் இயந்திரத்தின் அருகில் நிற்காதீர்கள். நகத்துக்காக விரலையே இழந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்: ஓசூர்த் தொழிலாளி

எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு வந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். முதலில் சர்க்கரையைப் பரிசோதித்தேன். எச்பிஏ1சி 6.1 வந்தது. இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறேன் என்று மருத்துவர் சொன்னார். விரலுக்காகப் போகாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. உணவிலும் நடையிலும் கவனமாக இருக்கச் சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இ.எஸ்.ஐ. வழியாகவே போனேன். மருத்துவர் ஐயா எழுதிக் கொடுத்த அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அங்கிருந்த மருத்துவர், அப்படித்தான் செய்வேன் என்று படம் வரைந்து காட்டினார். ஊசி எரிந்தது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கொய்யா நிறச் சதையையும் அன்றே சுரண்டி எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் கட்டு இரத்தத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. இழுக்காமல் வெதுவெதுப்பான உப்புநீரில் கால் மணி நேரம் ஊறவைத்ததும் தானாகக் கழன்றது. நான்கு வாரம் வரை கசிவு இருந்தது. மூன்று வாரம் விடுப்பு, அதன்பின் இரண்டு வாரம் பொருட்கிடங்கில் திறந்த செருப்போடு வேலை.

சென்ற திங்கட்கிழமை மீண்டும் ஷூ போட்டேன். பழையது முனையில் இறுக்கமாக இருப்பதைக் காட்டி ஓர் அளவு பெரியது கேட்டேன், கொடுத்தார்கள். நகம் முன்பைவிடக் குறுகலாக, ஓரத்தில் சதை தெரியும்படி இருக்கிறது. அன்று இரவு ஷிப்டு முடிந்து வந்து காலுறையைக் கழற்றினேன். எங்கும் ஒட்டவில்லை. அம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.